காட்டு ஓடை நீரை நம்பிக் குடிக்கலாமா? மலையேறிகளுக்கான இலகுவான நீர் வடிகட்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

விடுமுறை நாளில் மலையேறுவதும் அருவிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்குவதும் நம் இளையோரிடையே இப்போது பரவலாகிவிட்டது. உலு லங்காட்டின் குனோங் நுவாங் தொடங்கி ஜொகூரின் குனோங் லேடாங், தாமான் நெகாராவின் குனோங் தஹான் வரை நம்மவர்களின் குழுக்களைப் பார்க்க முடிகிறது. காலணி, கூடாரம், முதுகுப்பை எல்லாம் ஆராய்ந்து வாங்குகிறவர்கள், குடிநீர் விஷயத்தில் மட்டும் "ஓடுற தண்ணிதானே, ஒண்ணும் ஆகாது" என்று விட்டுவிடுகிறார்கள். இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கும் ஏதோ ஒரு வடிகட்டியை வாங்கி, அதை முழுமையாக நம்பிவிடுகிறவர்களும் உண்டு. இரண்டிலும் ஆபத்து இருக்கிறது. எந்த வடிகட்டி எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது, நம் நாட்டுக் காடுகளுக்கு எது பொருந்தும் என்பதை இங்கே பார்ப்போம்.

ஏன் சுமந்து செல்ல முடியாது?

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோகிராம். நம் வெப்பத்தில் நாள் முழுவதும் ஏறி இறங்குகிற ஒருவருக்குக் குடிக்க மட்டுமே மூன்று, நான்கு லிட்டர் தேவைப்படும். சமையலுக்குத் தேவையானது தனி. காலையில் ஏறி மாலையில் இறங்கும் பயணம் என்றால் வீட்டிலிருந்தே கொண்டுபோய்விடலாம். இரண்டு நாள், மூன்று நாள் என்றால் அது நடக்காது. குனோங் தஹானுக்குக் கோலா தஹான் வழியாகப் போகிறவர்கள் ஏறக்குறைய ஒரு வாரம் காட்டில் இருப்பார்கள். அவர்கள் அனைவரும் வழியில் உள்ள ஆறுகளையும் ஓடைகளையும் நம்பித்தான் இருக்கிறார்கள். நூறு கிராமுக்கும் குறைவான ஒரு வடிகட்டி இருந்தால் சில கிலோ சுமை குறைந்துவிடும்.

தெளிந்த நீரிலும் என்ன இருக்கிறது?

காட்டு நீரில் நோய் தரும் உயிர்களை அளவை வைத்து மூன்று வகையாகப் பிரிக்கலாம். அளவைச் சொல்ல 'மைக்ரோன்' என்ற அலகைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன்.

முதல் வகை, ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒற்றை உயிரணு ஒட்டுண்ணிகள். இவை சுமார் 4 முதல் 12 மைக்ரோன் வரை இருக்கும். நாள்கணக்கில் நீடிக்கும் வயிற்றுப்போக்கைத் தரக்கூடியவை.

இரண்டாவது வகை பாக்டீரியா. ஈ.கோலி, சால்மோனெல்லா போன்றவை பெரும்பாலும் அரை மைக்ரோன் தடிமன் கொண்டவை.

மூன்றாவது வகை வைரஸ். ஹெபடைடிஸ் ஏ, ரோட்டா, நோரோ போன்றவை 0.1 மைக்ரோனுக்கும் சிறியவை. இவை பெரும்பாலும் மனிதக் கழிவிலிருந்து வருகின்றன. ஆள் நடமாட்டமே இல்லாத மலை உச்சி ஓடையில் இவற்றின் அபாயம் குறைவு. முகாம் தளத்துக்கும் கிராமத்துக்கும் தோட்டக் குடியிருப்புக்கும் கீழே ஓடும் ஆற்றில் அபாயம் அதிகம்.

நம் நாட்டில் தனியாகக் கவனிக்க வேண்டியது: எலிச் சிறுநீர் நோய்

வெளிநாட்டு மலையேறிகள் எழுதும் பரிந்துரைகளில் இது அதிகம் வராது. ஆனால் மலேசியக் காட்டுக்குப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். மலாயில் 'கென்சிங் திக்குஸ்' என்று அழைக்கப்படும் லெப்டோஸ்பைரோசிஸ், எலி முதலான விலங்குகளின் சிறுநீர் கலந்த நீராலும் சேற்றாலும் பரவுகிறது. செம்பனைத் தோட்டங்களில் எலி எவ்வளவு என்பதைத் தோட்டப்புற வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவற்றைக் கட்டுப்படுத்தவே பல தோட்டங்களில் ஆந்தைக் கூடுகள் வைக்கப்படுகின்றன.

2000 ஆம் ஆண்டு சபாவில் நடந்த 'இக்கோ சேலஞ்ச்' சாகசப் பந்தயத்தில் 304 பேர் கலந்துகொண்டனர். பந்தயத்துக்குப் பிறகு விசாரிக்கப்பட்ட 189 பேரில் 80 பேருக்கு இந்த நோயின் அறிகுறிகள் இருந்தன. செகாமா ஆற்றில் நீந்தியதே முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. அவர்கள் அனைவரும் உடல் உறுதி மிக்க போட்டியாளர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. 2010 இல் பகாங், மாரானில் உள்ள லுபோக் யூ அருவியில் மூழ்கிய ஒருவரைத் தேடும் பணியில் இறங்கியவர்களிடையே இந்த நோயும் மெலியோய்டோசிஸ் என்ற மற்றொரு தொற்றும் பரவி, உயிர்கள் பறிபோயின. அந்த ஆண்டு டிசம்பரில் லெப்டோஸ்பைரோசிஸ், மருத்துவர்கள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக நாட்டில் அரசிதழில் வெளியிடப்பட்டது.

வடிகட்டிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? லெப்டோஸ்பைரா என்பது திருகாணி போல் நீண்டு வளைந்த பாக்டீரியா. நீளம் 6 முதல் 20 மைக்ரோன் வரை இருந்தாலும் தடிமன் சுமார் 0.1 மைக்ரோன்தான். நீளவாக்கில் நெளிந்து நுழைந்தால் 0.2 மைக்ரோன் துளையை அது கடந்துவிடும். ஆய்வுக்கூடங்களில் மற்ற பாக்டீரியாவிலிருந்து இதைப் பிரித்தெடுக்கவே அந்த அளவு வடிகட்டியைப் பயன்படுத்துகிறார்கள். '0.2 மைக்ரோன், பாக்டீரியாவை 99.9999 விழுக்காடு நீக்கும்' என்று அட்டையில் எழுதியிருப்பது பொய்யில்லை. ஆனால் அந்தச் சோதனை வேறு பாக்டீரியாவை வைத்துச் செய்யப்பட்டது. 0.1 மைக்ரோன் வடிகட்டி இதைவிட மேல் என்றாலும், துளையும் கிருமியும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. கொதிநீருக்கும் குளோரினுக்கும் இந்தக் கிருமி தாக்குப்பிடிக்காது.

சந்தையில் உள்ள வகைகள்

*பிழியும் வடிகட்டி.* மலையேறிகள் அதிகம் பயன்படுத்துவது இதுதான். உள்ளே துளையுள்ள மெல்லிய இழைகள் கட்டுக்கட்டாக இருக்கும். சிறுநீரக நோயாளிகளுக்கான டயாலிசிஸ் கருவியில் இருப்பதும் இதே வகை இழைதான். பையில் ஆற்று நீரை நிரப்பி, வடிகட்டியைத் திருகிப் பிழிந்தால் சுத்த நீர் வரும். சாயர் ஸ்குவீஸ் சுமார் 85 கிராம். அதன் தம்பியான சாயர் மினி சுமார் 57 கிராம். காட்டடைன் பீஃப்ரீ பையோடு சேர்த்து 60 கிராமுக்குச் சற்று மேல். மூன்றுமே 0.1 மைக்ரோன். ஒட்டுண்ணியையும் பெரும்பாலான பாக்டீரியாவையும் தடுக்கும், வைரஸைத் தடுக்காது. மினி எடை குறைவு என்றாலும் நீர் வரும் வேகமும் குறைவு. இரண்டு பேருக்கு மேல் என்றால் அது பொறுமையைச் சோதிக்கும். சாயர் வடிகட்டியைச் சாதாரண மினரல் வாட்டர் போத்தல்கள் பலவற்றிலும் திருக முடியும். பீஃப்ரீக்கு அதற்கென்றே உள்ள அகன்ற வாய்ப் பை வேண்டும். காட்டில் அது கிழிந்தால் மாற்று கிடைக்காது.

*உறிஞ்சுகுழல்.* லைஃப்ஸ்ட்ரா போன்றவை. விலை மலிவு, எடை 50 கிராம் அளவில். ஆனால் பழைய வகைக் குழலில் நீரைச் சேமிக்கவோ சமைக்கவோ முடியாது. ஓடையருகே குனிந்து முகத்தை நீருக்கு அருகில் கொண்டுபோய்த்தான் குடிக்க வேண்டும். பெரும்பாலானவை 0.2 மைக்ரோன். நம் காடுகளுக்கு இதை அவசரத் துணையாக வைத்துக்கொள்ளலாம். முதன்மை வடிகட்டியாக வாங்க வேண்டாம்.

*அழுத்தும் போத்தல்.* கிரேல் ஜியோபிரஸ் இதற்கு எடுத்துக்காட்டு. வெளிக்குவளையில் நீரை மொண்டு, உள்போத்தலை வைத்து அழுத்தினால் 710 மில்லிலிட்டர் சுத்த நீர் கிடைக்கும். வைரஸையும் நீக்கும். உள்ளே கரி இருப்பதால் சில இரசாயனங்களையும் குறைக்கும். எடை சுமார் 450 கிராம். உள்ளிருக்கும் கட்டியை ஏறக்குறைய 250 லிட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதுவே பெரிய செலவு.

*பம்பு வகைச் சுத்திகரிப்பான்.* எம்.எஸ்.ஆர். கார்டியன் 0.02 மைக்ரோன் வரை வடிகட்டும், வைரஸும் நிற்கும். சேற்று நீரிலும் வேலை செய்யும். எடை அரை கிலோவை நெருங்கும். விலையும் மிக அதிகம். நீண்ட பயணம் போகும் குழுக்கள் பணம் போட்டு வாங்கலாம்.

*புற ஊதா விளக்கு.* ஸ்டெரிபென் போன்றவை ஒரு லிட்டரை ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிடும். வைரஸ், பாக்டீரியா, ஒட்டுண்ணி மூன்றுக்கும் பயன்படும். ஆனால் நீர் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கிய நீரில் ஒளி ஊடுருவாது. பேட்டரி தீர்ந்தால் அவ்வளவுதான்.

*மாத்திரை.* சில கிராம் எடைதான். சாதாரண குளோரின் மாத்திரை பாக்டீரியாவையும் வைரஸையும் அரை மணி நேரத்தில் கொல்லும். கிரிப்டோஸ்போரிடியத்தை ஒன்றும் செய்யாது. குளோரின் டையாக்சைடு மாத்திரை அதையும் கொல்லும். ஆனால் 4 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அயோடின் மாத்திரையைக் கர்ப்பிணிகளும் தைராய்டு கோளாறு உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும்.

*காய்ச்சுவது.* தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களுக்குத் தெரிந்த பழைய முறை. இன்றும் அதுவே மிக உறுதியானது. நீர் நன்கு தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம் விட்டால் போதும். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். 2,187 மீட்டர் உயரமுள்ள குனோங் தஹான் உச்சியில் மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். கேஸ் செலவும் ஆறும் நேரமும்தான் குறை. இரவுச் சமையலுக்கும் தேநீருக்கும் எப்படியும் காய்ச்சுகிறோம். அப்போதே மறுநாள் காலைக்கான நீரையும் சேர்த்துக் காய்ச்சிவிடலாம்.

அப்படியானால் எதை வாங்குவது?

நம் நாட்டுக் காடுகளில் இரண்டு மூன்று நாள் பயணம் செய்கிற ஒருவருக்கு, எடை, விலை, பாதுகாப்பு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் இணை பொருத்தமாக இருக்கிறது: 0.1 மைக்ரோன் பிழியும் வடிகட்டியும் ஓர் அட்டை குளோரின் மாத்திரையும். முதலில் வடிகட்ட வேண்டும். பிறகு வடிகட்டிய நீரில் மாத்திரையைப் போட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். மாத்திரையால் கொல்ல முடியாத ஒட்டுண்ணியை வடிகட்டி நிறுத்திவிடும். வடிகட்டியில் நழுவிப்போகும் வைரஸையும் லெப்டோஸ்பைராவையும் குளோரின் கவனித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தே நூறு கிராமுக்குள் அடங்கிவிடும். வரிசையை மாற்ற வேண்டாம். அழுக்கு நீரில் குளோரினின் பெரும்பகுதி அந்த அழுக்கிலேயே செலவாகிவிடும்.

சொந்தக் குடும்பத்தோடு ஒரே இரவு முகாமுக்குப் போகிறவர்கள் எடையைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. வீட்டிலிருந்து நீர் கொண்டு போங்கள், மீதிக்குக் காய்ச்சுங்கள். சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்கள் உடன் இருந்தால் காய்ச்சிய நீர் மட்டுமே.

கினாபாலு போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. வழியில் உள்ள ஓய்வுக் குடில்களில் தொட்டி நீர் இருக்கும். அது சுத்திகரிக்கப்படாத மலை நீர். சிறிய வடிகட்டியும் மாத்திரையும் அங்கும் கைகொடுக்கும். நேப்பாள மலைகளுக்குப் போகிறவர்கள் இன்னொன்றை நினைவில் கொள்ள வேண்டும். நனைந்த இழை வடிகட்டி ஒருமுறை உறைந்தாலே உள்ளே வெடித்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. இரவில் அதை உறங்கும் பைக்குள் உடலோடு வைத்துக்கொண்டு தூங்க வேண்டும்.

எந்த வடிகட்டியும் காப்பாற்றாத இடம்

இழை வடிகட்டி, மாத்திரை, புற ஊதா விளக்கு, காய்ச்சுதல் என எதுவுமே நீரில் கரைந்த இரசாயனத்தை நீக்காது. காய்ச்சினால் சில இரசாயனங்கள் இன்னும் செறிவாகும். கரி உள்ள வடிகட்டி ஓரளவு குறைக்கும். முழுவதும் நீக்கும் என்று நம்பக் கூடாது.

செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடும் கால்வாயில் உரமும் களைக்கொல்லியும் கலந்திருக்கலாம். பாரகுவாட் 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டாலும் மற்றக் களைக்கொல்லிகள் பயன்பாட்டில் உள்ளன. மேட்டில் காய்கறித் தோட்டம் இருக்கும் மலைகளில் பூச்சிமருந்து கீழே வரும். ஆலைகளின் அருகே ஓடும் ஆறு பற்றிச் சொல்லவே வேண்டாம். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங், சுங்கை கிம் கிம்மில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவு எத்தனை பள்ளிப் பிள்ளைகளை மருத்துவமனைக்கு அனுப்பியது என்பது நினைவிருக்கும். இவற்றுக்கு ஒரே தீர்வு, அந்த நீரை எடுக்காமல் இருப்பது. பயணத்துக்கு முன்பே வரைபடத்தைப் பாருங்கள். தோட்டம், பண்ணை, ஆலை, குடியிருப்பு எல்லாவற்றுக்கும் மேலே காட்டுக்குள் பிறக்கும் ஓடையில் மட்டும் நீர் எடுங்கள்.

நீர் எடுக்கும்போது

முகாம் தளத்துக்கும் குளிக்கும் இடத்துக்கும் மேற்புறத்தில் நீரோட்டம் உள்ள இடத்தில் எடுக்க வேண்டும். தேங்கிய குட்டை வேண்டாம். மழை பெய்த பிறகு ஆறு தே தாரேக் நிறத்தில் வரும்; அதை அப்படியே வடிகட்டியில் விட்டால் இழை அடைத்துக்கொள்ளும். ஒரு பாத்திரத்தில் அரை மணி நேரமாவது தெளிய விட்டு, மேல்நீரைத் துணியில் வடித்துப் பிறகு பயன்படுத்துங்கள்.

தெளிந்து ஓடிக்கொண்டிருந்த நீர் திடீரெனக் கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால் மேலே மழை பெய்திருக்கிறது என்று பொருள். மலாய்க்காரர்கள் 'கெபாலா ஆயர்' என்று சொல்லும் திடீர் வெள்ளம் பின்னால் வரக்கூடும். போத்தலை நிரப்பிக்கொண்டு நிற்காமல் உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

ஆற்று நீர் எடுக்கும் பையும் குடிக்கும் போத்தலும் தனித்தனியாக இருக்க வேண்டும். அழுக்குப் பையில் சிவப்பு நாடா ஒட்டிவிட்டால் இருட்டிலும் குழப்பம் வராது. பையின் ஓரத்திலிருந்து சொட்டும் ஒரு துளி சுத்த நீரில் விழுந்தாலும் வடிகட்டியதற்குப் பயனில்லை. பல் துலக்கவும் வாய் கொப்பளிக்கவும் சுத்திகரித்த நீரையே பயன்படுத்துங்கள்.

கடையில் கவனிக்க வேண்டியவை

அட்டையில் 'ஃபில்டர்' என்று இருக்கிறதா, 'பியூரிஃபையர்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். பொதுவாக இரண்டாவது சொல் வைரஸையும் நீக்கும் கருவியைக் குறிக்கும். அப்படிச் சொல்லும் கருவி என்.எஸ்.எஃப். பி231 போன்ற தரச் சோதனையைக் குறிப்பிட்டிருக்க வேண்டும். பாக்டீரியாவை 99.9999, வைரஸை 99.99, ஒட்டுண்ணியை 99.9 விழுக்காடு நீக்க வேண்டும் என்பது அந்தச் சோதனையின் அளவுகோல். எந்தச் சோதனையின் பெயரும் இல்லாமல் வெறும் விழுக்காட்டை மட்டும் அச்சிட்டிருந்தால் நம்ப வேண்டாம்.

விலையை மட்டும் ஒப்பிடாமல், விலையோடு மாற்றுக் கட்டியின் செலவையும் கூட்டி, அது தரும் லிட்டர் கணக்கால் வகுத்துப் பாருங்கள். மலிவாகத் தெரிவது சில நேரம் விலை உயர்ந்ததாக இருக்கும். நீங்கள் வழக்கமாக எடுத்துச் செல்லும் போத்தலைக் கடைக்குக் கொண்டுபோய், திருகு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். வாங்கியதும் வீட்டுக் குழாய் நீரில் ஒருமுறை பயன்படுத்திப் பழகிக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு

சாயர் வகைக்குக் கூடவே வரும் ஊசிக்குழலால் சுத்த நீரை எதிர்த்திசையில் அழுத்திக் கழுவ வேண்டும். பீஃப்ரீயைச் சுத்த நீரில் குலுக்கினாலே போதும். பயணம் முடிந்ததும் நிறுவனத்தின் கையேட்டில் சொன்னபடி கிருமி நீக்கி, நன்கு உலர்த்தி வைக்க வேண்டும். நம் ஈரப்பதத்தில் நனைந்தபடி பையில் மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காய்ந்த வடிகட்டியில் நீர் மெதுவாக வந்தால் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் சரியாகும்.

பாறையில் பலமாக விழுந்த வடிகட்டியைச் சந்தேகத்தோடு பாருங்கள். முழுக்க நனைந்த இழை, நீரை விடும், காற்றை விடாது. சில நிறுவனங்கள் இதை வைத்தே ஊதிப் பார்க்கும் சோதனையைத் தங்கள் கையேட்டில் சொல்லியிருக்கின்றன. காற்று எளிதாகப் போனால் இழை உடைந்திருக்கிறது. அதன் பிறகு அது வெறும் புனல்தான்.

வீடு திரும்பிய பிறகு

லெப்டோஸ்பைரோசிஸ் குடிநீர் வழியாக மட்டும் வருவதில்லை. காலில் உள்ள சிராய்ப்பு, அட்டை கடித்த புண், கண், மூக்கு வழியாகவும் நுழையும். ஆறு கடக்கும் முன் புண்ணை நீர் புகாத பிளாஸ்திரியால் மூடுங்கள். மெலியோய்டோசிஸ் மண்ணிலும் நீரிலும் உள்ள கிருமியால் வருவது. நீரிழிவு உள்ளவர்களுக்கு அது கூடுதல் ஆபத்து. நாட்டில் நீரிழிவு விகிதம் இந்தியர்களிடையே அதிகம் என்று தேசிய சுகாதார ஆய்வுகள் காட்டியிருக்கும் நிலையில், இதை நாம் இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

நோய் அறிகுறி பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் தெரியும். சிலருக்கு ஒரு மாதம் வரை ஆகலாம். கடும் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் தசையில் வலி, கண் சிவத்தல் ஆகியவை முக்கிய அடையாளங்கள். பார்த்தால் டெங்கி போலவே இருக்கும். காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருக்க வேண்டாம். அரசு சுகாதார கிளினிக்குக்குப் போய், "டாக்டர், இரண்டு வாரத்துக்கு முன் காட்டுக்குப் போனேன், ஆற்றில் இறங்கினேன்" என்று நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் ஆண்டிபயாட்டிக் மருந்தில் குணமாகக்கூடிய நோய் இது. எந்த மலை, எந்த ஆறு, எந்தத் தேதி என்பதைக் கைப்பேசியில் குறித்து வைத்திருந்தால் மருத்துவருக்கும் உதவியாக இருக்கும்.